மாமா வீட்டுக் கரண்ட்டு

நல்ல கேபிளை நடுவில் வெட்டப் பரணிதரனுக்குக் கை வரவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் அவன் வெட்டாத கேபிளா? கை மொத்தத்துக்கு இருப்பதையெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் வெட்டிப் போட்டவன்தான். ஆனால் அதெல்லாம் கம்பெனிக் கேபிள். இது அப்பாவின் மூச்சுக்குப் போகிற கேபிள். கட்டிங் பிளேயரை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான்.

"வெட்டுறதுன்னா வெட்டித் தொலையேன் தம்பி. ஆடு அறுக்கிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்" என்றார் அப்பா துரைராசு, வண்டிக்குள் கட்டிலில் சாய்ந்தபடி. சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. வேலை முடிகிற வரைக்கும் சிலிண்டரிலிருந்து மூக்குக்கு வந்த குழாயைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கிண்டல் செய்தால் அதற்கு இவ்வளவு நேரம் ஓய்வு. ஆனாலும் கிண்டலை விட்டாரா என்றால் இல்லை.

"ராகு காலம் முடியட்டும். நல்ல காரியத்துக்குப் போற வண்டி. இப்ப எதையும் அறுக்க வேணாம்" என்றாள் பிரகதாம்பாள் கீழே நின்றபடி.

"அம்மா, கரண்ட்டுக்கு ராகு காலமெல்லாம் கெடையாது."

"கரண்ட்டுக்கு இல்லடா. உனக்கு இருக்கு."

மகனுக்கும் அது உள்ளூர வசதியாகத்தான் இருந்தது. பிளேயரைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி குடித்தான்.

துரைராசுவின் நுரையீரல் இறுகிப்போய் இரண்டு வருஷமாகிறது. இருமல், காய்ச்சல் என்று தஞ்சாவூருக்குப் போனவரை, இனிமேல் ராப்பகலாக ஆக்ஸிஜன் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மெஷின். இருக்கிற காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்பும். கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் அதன் வீரம். போன பங்குனியில் குத்தாலத்தில் அவர்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பி அறுந்தது. தெரு முழுக்க ஃபேனெல்லாம் பேய் பிடித்தாற்போலச் சுற்றின. நாலைந்து வீட்டு டி.வி. போனது. துரைராசுவின் மெஷினும் புகைவிட்டு நின்றது.

அப்போது சிங்கப்பூரில் சாப்பாட்டு நேரம். பரணிதரன் வீடியோ காலில் இருந்தான். அம்மா போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஆள் கூப்பிட ஓடிவிட்டாள். திரையில் உத்தரம் தெரிந்தது. வெறிபிடித்துச் சுற்றுகிற ஃபேன் தெரிந்தது. அப்பா தெரியவில்லை. அப்பா மூச்சுக்கு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மாயவரத்திலிருந்து சிலிண்டர் வந்து சேருகிற வரைக்கும் அவன் அந்த உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். இப்போதும் தூங்கப் போனால் அந்தச் சத்தம்தான் காதில் விழுகிறது.

அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு, வைகாசியில் அறுபது முடிகிறது, அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள் அம்மா. அப்பாவும் தலையாட்டிவிட்டார். லாட்ஜில் மாடி அறைதான் கிடைக்கும், கரண்ட் போனால் போனதுதான். காரில் உட்கார்ந்த வாக்கில் அவரால் முடியாது. பரணிதரன் யோசித்து யோசித்து, தஞ்சாவூரில் இருக்கும் நண்பன் ஷஹ்பாஸிடம் போய் நின்றான். சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஷஹ்பாஸ் ஒரு கேரவன் கட்டி வைத்திருந்தான். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வண்டி; உள்ளே கட்டில், ஏ.சி., பாட்டரி, எல்லாம் உண்டு. "எடுத்துட்டுப் போடா. எங்க வேணா வெட்டிக்க, எங்க வேணா ஒட்டிக்க. அப்பா நல்லபடியா போயிட்டு வந்தா போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

வெட்டி ஒட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சர்ஜ் புரொடெக்டர். வெளியிலிருந்து வரும் கரண்ட்டை வாசலிலேயே நிறுத்தி, அளவுக்கு மேல் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, நியூட்ரல் ஒழுங்காக இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று ஒன்றிரண்டு நிமிஷம் சோதித்துப் பார்த்து, திருப்தியானால்தான் உள்ளே விடும். பிளக்கில் மாட்டுகிற வகையும் கடையில் இருக்கிறது. அவசரத்துக்கு எவனாவது அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வண்டியை நேரே சொருகிவிடுவான். நம் ஆட்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? அதனால்தான், வண்டிக்குள் வருகிற கேபிளையே வெட்டி நடுவில் கோர்த்துவிடுகிற வகையாகப் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்து வந்திருந்தான்.

ராகு காலம் முடிந்தது. வெட்டினான். ஒயர்களைச் சீவி, முனைகளில் செம்பு லக் மாட்டி அழுத்தி, பழுப்பு பழுப்போடு, நீலம் நீலத்தோடு, பச்சை மஞ்சள் எர்த்தோடு என்று திருகினான். திருகியதை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் புரொடெக்டர் பெட்டியை நாலு ஸ்குரூ போட்டு இறுக்கியதும், கேபிளை வீட்டுப் பிளக்கில் சொருகிவிட்டு, கட்டிலின் தலைமாட்டில் இருந்த மெயின் சுவிட்சை மேலே தள்ளினான். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியில் மஞ்சள் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"போச்சா?" என்றார் துரைராசு.

"சோதிக்குதுப்பா. இருங்க."

அந்த ஒன்றிரண்டு நிமிஷமும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே டக் என்று ஒரு சத்தம். விளக்கு பச்சையாயிற்று. ஏ.சி. உறுமியது. மெஷின் புஸ் புஸ் என்று மூச்சு விட ஆரம்பித்தது.

"வாட்ச்மேன் நல்ல வாட்ச்மேன்தான்" என்றார் துரைராசு. குனிந்து பார்த்து, "பக்கவாட்டுல அது என்ன, சின்னதா ஒரு சுவிட்சு?" என்று கேட்டார்.

"அது பைபாஸ். பெட்டிக்கே கோளாறு வந்துட்டா, சோதிக்காம நேரா கரண்ட்ட உள்ள விடுறதுக்கு. அதைத் தொடவே கூடாது."

"நான் ஏன்டா தொடப்போறேன்" என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். மறுநாள் விடிந்தால் முகூர்த்தம். சொந்தக்காரர்கள் நேரே கோயிலுக்கு வந்துவிடுவார்கள். பாட்டரியில் மெஷின் ஓட, பரணிதரன் ஜீப்பை ஓட்ட, மாயவரம் தாண்டி ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். கூடவே ஒரு சின்ன சிலிண்டர். அது கோயிலுக்குள் போய் உட்கார்கிற நேரத்துக்கு. சன்னதியில் மெஷினுக்குப் பிளக் கிடைக்காது. நாளைக் காலைக்குள் அதை மறுபடி நிரப்புவதற்கும் வழியில்லை. ஆகவே அதைத் தொடக் கூடாது என்று பிரகதாம்பாள் அதைப் பட்டுப்புடவை இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் துண்டால் மூடியிருந்தாள்.

திருக்கடையூரில் கால் வைக்க இடமில்லை. மாலையும் கழுத்துமாக அறுபதுகளும் எண்பதுகளும் பேரன் பேத்திகளோடு தெருவை அடைத்துக்கொண்டு போனார்கள். இவர்கள் வண்டிக்கு இடமும் கரண்ட்டும் தருவதாகச் சொன்ன மண்டபத்துக்காரர், அந்த இடத்தில் வேறு யாருக்கோ பந்தல் போட்டுவிட்டார். "சாயங்காலம் பிரிச்சிடுவாங்க சார், வந்துடுங்க" என்றார் நோகாமல். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏ.சி.யும் மெஷினும் சேர்ந்து பாட்டரியைக் குடித்துத் தீர்த்துவிட்டிருந்தன. பாட்டரி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்ததும் பரணிதரன் ஏ.சி.யை நிறுத்தினான். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"எங்கண்ணன் இருக்கும்போது நாம ஏன் கண்டவன் வாசல்ல நிக்கணும்?" என்று பிரகதாம்பாள் போனை எடுத்தாள்.

அவளுடைய அண்ணன் நல்லக்கண்ணு பக்கத்துக் கிராமத்தில்தான் இருந்தார். ஐந்து நிமிஷத்தில் மொபெட்டில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வேர்த்த சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. "நான்தான் மொதல்லயே சொன்னேன்ல. என் தோப்புல நிறுத்துன்னு. கேட்டியா மாப்ள? வா, வா" என்று முன்னால் போனார். தங்கச்சி அறுபதுக்குச் சீர் செய்கிற அண்ணன். பட்டுப்புடவை, வேட்டி, பழம், பாத்திரம் என்று எல்லாம் அவர் வாங்கி வைத்ததுதான். அந்தப் பெருமை மொபெட் ஓட்டுகிற தோரணையிலேயே தெரிந்தது.

தோப்பு ரோட்டோரம் இருந்தது. தென்னைகளுக்கு நடுவே மோட்டார் கொட்டகை, அதை ஒட்டி இரும்புக் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழுகிற இடம். அப்புறம் உளுந்து எடுத்த வயல், வெடித்துக் கிடந்தது. வயலைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாமா வீடு. அந்தச் சந்துக்குள் கேரவன் நுழையாது. பிரகதாம்பாள், "ஏதாவது கஞ்சி வெச்சு எடுத்தாறேன்" என்று வரப்பில் நடந்து வீட்டுக்குப் போனாள்.

பரணிதரன் கொட்டகையில் இருந்த பிளக்கில் வண்டியைச் சொருகினான். மஞ்சள் விளக்கு மினுக்கியது. காத்திருந்தான். விளக்கு சிவப்பாயிற்று.

பிடுங்கி மறுபடி சொருகினான். மறுபடி சிவப்பு. உள்ளே பாட்டரியின் பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது.

"என்ன மாப்ள, ஓடலியா?" என்றார் நல்லக்கண்ணு.

"கரண்ட் சரியில்லங்குது மாமா."

நல்லக்கண்ணுவின் சிரிப்பு நின்றுபோனது. "என் கரண்ட்டா சரியில்ல? இந்தா பாரு, பல்பு எரியுது. அஞ்சு எச்.பி. மோட்டாரு ஓடுது. ஊருக்கே தண்ணி பாயுது. உன் சிங்கப்பூர்ப் பொட்டிக்கு மட்டும் என் கரண்ட்டு ஆவலியாக்கும்?"

பரணிதரன் கொட்டகைக்குள் போனான். பார்த்ததும் புரிந்துவிட்டது. மோட்டாருக்காக மூன்று பேஸ் கம்பி வந்திருந்தது. நியூட்ரல் கம்பி கிடையாது. மோட்டாருக்கு அது தேவையில்லை, பல்புக்குத் தேவை. அதற்கு என்ன செய்திருக்கிறார் மாமா? டெல்டாவில் பாதிப் பேர் செய்கிறதைத்தான் செய்திருக்கிறார். ஒரு பேஸை எடுத்துப் பல்பின் ஒரு காலில் கொடுத்து, இன்னொரு காலிலிருந்து ஒரு ஒயரைக் கொண்டுபோய் வெளியே இருந்த இரும்புக் குழாயில் சுற்றிவிட்டார். பூமியையே நியூட்ரலாக்கிவிட்டார். பிளக்குக்கும் அதே ஏற்பாடுதான். ஒரு பல்பு என்றால் குழாய்க்கு ஒன்றும் தெரியாது. மழைக் காலத்தில் ஈரமண் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். இப்போது மண் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. வண்டியின் பாரம் முழுக்க இதில் ஏறினால், போக வழியில்லாமல் கரண்ட் அந்தக் குழாயிலேயே நிற்கும்; வண்டியை நிறுத்தினால்தான் குழாய் அடங்கும்.

"மாமா, இது ஆபத்து. பைப்புல கரண்ட் ஏறும்."

"பதினஞ்சு வருசமா அதுலதான்டா குளிக்கிறோம். எப்பவாச்சும் லேசா சுர்ருங்கும். அவ்வளவுதான்." அவர் குரல் இறங்கிவிட்டது. கோபத்தைவிட அது மோசமாக இருந்தது. "எங்க வீட்டுச் சோறு ஆவும், சீரு ஆவும். கரண்ட்டு மட்டும் ஆவாது. சரி, போ. உங்கப்பன்கிட்டயே நீ சொல்லு."

"வீட்டுலேருந்து நல்ல லைன் இருக்குல்ல மாமா? ஒயர் இழுத்துடலாம்."

வீட்டு லைன் நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நீள ஒயர்தான் இல்லை. நல்லக்கண்ணு முணுமுணுத்தபடியே பக்கத்து வீட்டு அப்சருக்குப் போன் போட்டு, திருக்கடையூர் கடையில் ஒயர் வாங்கி வரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, கடை திறந்திருக்கிறதோ என்னவோ. கூட்டத்தில் புகுந்து போய்விட்டு வர எப்படியும் ஒரு மணி நேரம்.

பரணிதரன் வண்டிக்குள் ஏறினான். பாட்டரி ஒரே நீளமாகக் கத்திக்கொண்டிருந்தது. மெஷின் திணறியது. துரைராசு உட்கார்ந்த வாக்கில் இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்ட அதே சத்தம். இப்போது ஒரு முழ தூரத்தில்.

சிலிண்டரைப் பார்த்தான். அதைத் திறந்தால் நாளைக்குக் கோயில் இல்லை. அப்பாவும் அதைத்தான் பார்த்தார். கையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

"சிலிண்டரு, இல்லாட்டி பைபாஸ். ரெண்டுல ஒண்ணு பண்ணணும்ப்பா" என்றான்.

"மச்சான்... மனசு... நோவும்" என்றார் அவர். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "சுவிட்ச... போடு. ஒரு மணி நேரம்தானே."

செய்யக் கூடாது என்று பரணிதரனுக்குத் தெரியும். படித்தவன், பட்டறையில் பத்துப் பேருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன். வெளியே தலையை நீட்டி, "மாமா, அப்சர் வர்ற வரைக்கும் பைப்புக்கிட்ட யாரும் போகக் கூடாது. நீங்களும்தான்" என்றான். "சரிப்பா, சரி" என்றார் நல்லக்கண்ணு வேறு எங்கோ பார்த்தபடி. பரணிதரன் குனிந்து பைபாஸ் சுவிட்சைத் தள்ளினான்.

மெஷின் எடுத்துக்கொண்டது. புஸ். புஸ். அப்பாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கால்மணி நேரத்தில் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "பாத்தியா, மச்சான் கரண்ட்டு ருசியாத்தான் இருக்கு" என்று சிரிக்கக்கூடப் பார்த்தார். பரணிதரனால் சிரிக்க முடியவில்லை. ரோட்டுக்கு வந்து அப்சரின் பைக் வருகிறதா என்று நின்றான். மாமாவும் பக்கத்தில் வந்து நின்றார். "கோச்சுக்கிட்டியா மாப்ள?" என்றார். "அதெல்லாம் இல்ல மாமா" என்றான். கூப்பிட்டால் அப்சர் போனை எடுக்கவில்லை. ரோட்டில் வேனும் காருமாகப் போய்க்கொண்டிருந்தன, எல்லாம் மாலை கட்டிய வண்டிகள்.

அப்போதுதான் மெஷின் சத்தம் நின்றதைக் கவனித்தான். புஸ் இல்லை. அடுத்த நொடி, கரண்ட் போனால் மெஷின் போடுகிற அலறல்.

என்ன ஆயிற்று என்று நினைக்கக்கூட நேரமில்லாமல் ஓடினான். மெஷின் எரிந்துவிட்டது, நான்தான் எரித்தேன், நான்தான் எரித்தேன் என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குள் பாய்ந்தான். புகை எதுவும் இல்லை. துரைராசு கட்டிலிலிருந்து பாதி சரிந்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் கிடந்தார். கை தலைமாட்டில் மெயின் சுவிட்சின் மேல் இருந்தது. சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது.

"ஏம்ப்பா நிறுத்துனீங்க" என்று பரணிதரன் சுவிட்சை மேலே தள்ளப் போனான்.

துரைராசு விடவில்லை. இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சோற்றுத் தட்டைத் தூக்க முடியாத கை. அதில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை. அவன் இழுக்க, அவர் அழுத்த, உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. "விடுங்கப்பா, செத்துப்போயிடுவீங்க" என்று கத்தினான். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே அம்மா இருந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில், சேற்றுத் தண்ணீரில், கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கஞ்சித் தூக்கு கவிழ்ந்து கிடந்தது. வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரணிதரன் எல்லாரிடமும் சொன்னான், அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் வீட்டில் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று இருந்துவிட்டான். வாய்க்காலில் இறங்கி வந்தவள் காலைக் கழுவிக்கொண்டு வண்டியில் ஏறலாம் என்று தொட்டிக்குப் போயிருக்கிறாள். ஒரு காலைத் தூக்கிக் கழுவ, விழாமல் இருக்கக் குழாயைப் பிடித்திருக்கிறாள்.

"மாமா, அம்மாவப் பாருங்க" என்று கத்திவிட்டு, துண்டை வீசிச் சிலிண்டரை இழுத்தான். மூக்குக் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திருகி, அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தான். இஸ் என்று காற்று வந்தது. துரைராசு கண்ணை மூடாமல் ஜன்னலையே பார்த்தார். பரணிதரன் குனிந்து பைபாஸ் சுவிட்சை இழுத்துப் பழைய இடத்தில் தள்ளினான். ஓடிப்போய்க் கொட்டகையில் பிளக்கைப் பிடுங்கினான். குழாயில் சுற்றியிருந்த ஒயரை மாமாவே, மெயினை இறக்கிவிட்டு, அறுத்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னியே மாப்ள, சொன்னியே" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

"நான்தான் மாமா போட்டேன். தெரிஞ்சே போட்டேன்" என்றான் பரணிதரன்.

ரோட்டில் அப்சரின் பைக் வந்து நின்றது. தோளில் ஒயர்ச் சுருள். நல்லக்கண்ணு அதைப் பிடுங்கிக்கொண்டு வரப்பில் வீட்டைப் பார்த்து ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பரணிதரன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து வண்டிக்குள் ஏற்றினான். உள்ளங்கையில் குழாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை. உடம்பு மட்டும் விட்டுவிட்டு உதறியது.

"பைப்பப் புடிச்சேன்டா. கையை வுட மாட்டேங்குது. கத்தலாம்னா வாயி வரல. என்னமோ நல்ல நேரம், அதுவா வுட்டுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சிலிண்டரைப் பார்த்துவிட்டாள். நின்றுகொண்டிருந்த மெஷினையும் பார்த்தாள். அவ்வளவுதான், தன் கையை மறந்துவிட்டாள்.

"இது நாளைக்கு வெச்சதுல்ல? யாரு தொறந்தது? மெஷினு ஏன் நிக்கிது?"

பரணிதரன் அப்பாவைப் பார்த்தான்.

"நீங்களா நிறுத்துனீங்க?" என்று அவள் கட்டிலருகே போனாள். "உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? ஒரு நிமிசம் அது இல்லாட்டி என்ன ஆவும்னு தெரியாது? உதட்டப் பாருங்க, எப்பிடிக் கெடக்குன்னு. எதுக்குங்க நிறுத்துனீங்க?"

துரைராசு பேசுவதற்கு மூச்சைச் சேர்த்தார். சேர்க்க நேரமாயிற்று. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நாளைக்கு" என்றார். மறுபடியும் இழுத்து, "தாலிய... யாரு கழுத்துல... கட்டறது?" என்றார்.

பிரகதாம்பாளுக்கு அப்போதுதான் விளங்கியது. சிவந்த கையை அவர் மார்பில் வைத்தாள்.

"பேசாதீங்க" என்றாள் அழுதுகொண்டே. "மூச்ச விடுங்க."